மின்ட் 22 சாஃப்ட்வேர் மேனேஜர்: எந்த இன்க்ஸ்கேப்பை அமுக்குவது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு டிசைன் வரைய, டிடிபி கடையில் பத்திரிகை அடிக்க என்று லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுபவர்கள் முதலில் தடுமாறுவது ஓர் இடத்தில்தான். ஒரே மென்பொருள் டெப், ஸ்னாப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ் என நாலு பொட்டலமாக வந்து நிற்கும். இந்தக் குழப்பத்துக்கு இதுவரை நல்ல விடை தந்திருப்பது லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் 22-ன் சாஃப்ட்வேர் மேனேஜர், அதாவது மென்பொருள் நிறுவும் கருவி.

அதில் படம் வரையும் மென்பொருளான இன்க்ஸ்கேப்பின் பக்கத்தைத் திறந்தால் ‘சிஸ்டம் பேக்கேஜ்’, ‘ஃபிளாட்பேக்’ இரண்டையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்கிறது. மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டுவில், 22.04 பதிப்பு முதல், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை வழியாகக் கேட்டாலும் வந்து இறங்குவது ஸ்னாப். மின்ட் 2020-லேயே ஸ்னாப்புக்குக் கதவை அடைத்துவிட்டது. அதில் ஃபயர்ஃபாக்ஸ் டெப்தான்.

சிஸ்டம் பேக்கேஜ் என்பதும் டெப்தான். கணினியில் ஏற்கெனவே உள்ள லைப்ரரிகளையே (பல மென்பொருள்கள் பகிரும் துணைக் கோப்புகள்) பயன்படுத்துவதால் டவுன்லோடு சிறியது. ஆனால் மின்ட் 22-க்கு அடிப்படையான உபுண்டு 24.04-ன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து வருவதால் பெரும்பாலும் பழைய பதிப்பே கிடைக்கும். ஃபிளாட்பேக்கில் பதிப்பு புதியது. கூடவே ரன்டைம் என்று, அது ஓடத் தேவையான துணைக் கோப்புகள் சில நூறு எம்பி இறங்கும். அடுத்த மென்பொருளும் அதே ரன்டைமைக் கேட்டால் மிச்சம். வேறு பதிப்பைக் கேட்டால் மறுபடியும் இறக்கம்தான். ஏற்காடு எஸ்டேட் ஆபீஸில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இதைத் தொடங்க வேண்டாம். சேலத்துக்கு இறங்கும் நாளில் பிராட்பேண்டில் போட்டுக்கொண்டு மலையேறுங்கள்.

பெரிய குறை ஒன்று உண்டு. இரண்டு வகையையும் ஒரே கணினியில் போட்டால், இரண்டும் தனித்தனி அமைப்புகளை வைத்துக்கொள்ளும். இதை எங்கேயும் பளிச்சென்று சொல்வதில்லை. டெப் இன்க்ஸ்கேப்பில் சேர்த்த கொலுசு டெம்ப்ளேட்டும் வண்ணத் தட்டும் ஃபிளாட்பேக்கில் தெரியாது; அழிந்துவிட்டதோ என்று பதற்றமாகிவிடும். அழியவில்லை. ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல்-ஹெச் அமுக்கினால் மறைந்திருப்பவை தெரியும். டாட்-கான்ஃபிக்கில் (.config) உள்ள இன்க்ஸ்கேப் ஃபோல்டரிலிருந்து அவற்றை எடுத்து, டாட்-வார் (.var) ஃபோல்டருக்குள் ‘ஆப்’ என்பதில் இன்க்ஸ்கேப் பெயரில் இருக்கும் இடத்தின் கான்ஃபிக்கில் உள்ள இன்க்ஸ்கேப் ஃபோல்டருக்குள் ஒட்டினால் போதும்.

சரிபார்க்கப்படாத, அதாவது உருவாக்கியவரே வெளியிட்டது என்று உறுதிசெய்யப்படாத ஃபிளாட்பேக்குகளை மின்ட் 22 தானாகவே மறைத்துவிடுகிறது. தேடியது கிடைக்கவில்லை என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். பிரிஃபரன்ஸில் அவற்றைத் திறந்துவிடலாம், ஆனால் வங்கிக் கணக்கோ ஜிஎஸ்டியோ பார்க்கும் கணினியில் திறக்காமல் இருப்பதே நல்லது.

தளத்திலிருந்து இறக்கிய டெப்பை டெர்மினலில் டிபிகேஜி (dpkg) கட்டளை கொண்டு போட்டால், அது நம்பியிருக்கும் சார்பு லைப்ரரிகள் கணினியில் இல்லாவிட்டால் பாதியில் நிற்கும். ஆப்ட் இன்ஸ்டால் (apt install) கொடுங்கள், கோப்பின் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் (./) சேர்த்து. அந்த இரண்டு எழுத்தை விட்டால் களஞ்சியத்தில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று சொல்லும்.

ஆப்இமேஜ் இந்த மேனேஜருக்குள் வராது. வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் இயக்க அனுமதி கொடுத்தால் ஓடும். உபுண்டு 22.04-ல் அனுமதி கொடுத்தும் ஓடவில்லை என்றால், ஆப்இமேஜைத் திறக்க உதவும் லைப்ரரியான லிப்ஃபியூஸ்2 (libfuse2) தேவை; 24.04-ல் அதன் பெயர் லிப்ஃபியூஸ்2டி64 (libfuse2t64). வெறும் ‘ஃபியூஸ்’ என்ற பேக்கேஜை மட்டும் போட்டுவிடாதீர்கள். அது ஏற்கெனவே இருக்கும் ஃபியூஸ்3-ஐ நீக்கிவிடும், அதை நம்பியிருக்கும் டெஸ்க்டாப் பாகங்களும் கூடவே போகும்.