பீச் ஸ்டேஷன் எதிரில் ஒரு தட்டு அத்தோ

எங்கள் பார்லருக்குச் செவ்வாய்க்கிழமைதான் லீவு. போன மாதம் வரை அன்றைக்கு மால்தான். என்னோடு வேலை செய்யும் மணிப்பூர்ப் பெண்ணும் நானும் போவோம். வியாசர்பாடி என்று சொன்னதும் என்னைப் பார்க்கும் பார்வை மாறுவது எனக்குப் பழகிவிட்டது. அவள் ஊரையே சொல்ல வேண்டாம், முகமே போதும். ஒரு ஓட்டலில் பக்கத்து மேஜைப் பையன்கள் "சிங்கி" என்று, வடகிழக்கு ஆட்களை மட்டம் தட்டும் வார்த்தையைச் சொல்லிச் சிரித்தார்கள். சப்ளையர் மெனு கார்டை என்னிடம் மட்டும் நீட்டினார். அதற்கப்புறம் அவள் "ரூம்லயே மேகி போட்டுக்கலாம்க்கா" என்று உட்கார்ந்துவிட்டாள். அவளைக் கிளப்பத்தான் இந்தக் கடைக்குக் கூட்டிப் போனேன்.

சென்னை பீச் ஸ்டேஷனுக்கு எதிரில், அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகளில் ஒன்று. வெள்ளைக்காரன் கோட்டைக்குள் தனக்கொரு நகரம் வைத்துக்கொண்டு, வெளியே இருந்ததைக் கறுப்பர் நகரம் என்றான். அந்தப் பகுதிதான் 1911-இல் ஜார்ஜ் டவுன் ஆனது. கடை இருப்பதும் அங்கேதான். நாற்காலியெல்லாம் கிடையாது, நின்றுதான் சாப்பிட வேண்டும்.

அத்தோ பிரமாதம். நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த்தூள், பூண்டெண்ணெய் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு வடையை நொறுக்கிப் போடுகிறார். கையால் பிசைவது பிடிக்காதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். வாழைத்தண்டு சூப் கேட்கக் கேட்க ஊற்றுகிறார். மிளகுக் காரம் தொண்டை வரை இறங்குகிறது. முட்டை மசாலாவில் மட்டும் எண்ணெய் ஜாஸ்தி, அதற்கு மார்க் குறைக்கிறேன்.

கடைக்காரர் அவளைப் பார்த்ததும் "மிங்கலாபா" என்று ஆரம்பித்து, பர்மியப் பாஷையில் பொரிந்து தள்ளினார். அவள் முழித்தாள். 'போச்சு, இங்கேயுமா' என்று எனக்குப் பக்கென்றது. "நான் மணிப்பூர்ண்ணா" என்றாள். "மணிப்பூர்ல எங்கம்மா? மோரே தெரியுமா? எங்க சித்தப்பா குடும்பம் அங்கதான் இருக்கு!"

பர்மாவிலிருந்து வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகப் பார்த்து, வழி அடைபட்டதால் எல்லையிலேயே தங்கிவிட்ட ஊர் மோரே. அங்கே தமிழர் கோயில் இருப்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள். எங்கள் ஆயாவும் ரங்கூன்காரிதான். 1964-இல் பர்மா அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கியதும் கப்பலேறி வந்தாள். அங்கே அவளைக் 'கலா' என்று மட்டமாகக் கூப்பிட்டார்களாம். இங்கே வந்தால் 'பர்மாக்காரி'. சாகிற வரை அவள் சினிமாவுக்குக்கூடத் தெருப் பெண்களோடு போனதில்லை. அவளுக்குக் கூட்டம் பிடிக்காது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, கடைக்கு வருவோம். மணிப்பூர்ப் பெண் மூன்று தடவை சூப் வாங்கிக் குடித்தாள். மிளகாய்த்தூள் போதாது என்று கடைக்காரரிடம் சண்டை வேறு. அவரும் விடாமல், "உங்க ஊர் மிளகா கொண்டா, பார்க்கலாம்" என்றார். அடுத்த வாரம் ஒரு பொட்டலத்தோடு போனோம்.

மழை வந்தால் ஒதுங்க இடமில்லை. சில்லறை கொண்டு போங்கள். மொய்ங்கா என்கிற பர்மா நூடுல்ஸ் சூப் வேண்டுமென்றால் ஏழு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் இருக்காது.