வெள்ளைப்புள்ளி வந்தாச்சு: ஹீட்டரா, கல்லுப்பா, மருந்தா?

சென்னை வீட்டு மீன் தொட்டிகளுக்கு மார்கழி ஒரு வியாதி சீசன். கார்த்திகை வரை 28 டிகிரியில் இருந்த தண்ணீர், விடிகாலையில் 24-க்கு இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் கொளத்தூர் பக்கம் போய் புதிதாக நாலு மீன் வாங்கி வருவோம், வாங்கி வந்த கையோடு தொட்டியிலும் விட்டுவிடுவோம். மூன்றாம் நாள் காலையில் விளக்கைப் போட்டால், வாலிலும் துடுப்பிலும் ரவையைத் தூவினது போல வெள்ளைப் புள்ளிகள். மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு திரியும்.

அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஹீட்டர் போடு, உப்பு போடு, பச்சை மருந்து ஊற்று, நீல மருந்து ஊற்று. நான்கையும் ஒவ்வொரு மார்கழியில் செய்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில், இது நோய்தானா என்று பார்க்க வேண்டும். எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், பெரும்பாலும் கோளாறு தண்ணீரில்தான் இருக்கும்: குளோரின் போகாத குழாய்த் தண்ணீர், அல்லது மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா. அமோனியா இருக்கும் தொட்டியில் பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதன் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். அங்கே மருந்து ஊற்றுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு ஆன்டி குளோரின் போட்ட நல்ல தண்ணீரை ஊற்றுங்கள், ஏர் பம்பை ஓட விடுங்கள். இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஆண் கோல்டு ஃபிஷ்ஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் விளிம்பிலும் வரிசையாக வெள்ளைப் புள்ளி வரும். அது வியாதியே இல்லை. அதற்குப் பயந்து மருந்து ஊற்றிய நண்பர் ஒருவர் இன்றைக்கும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

சரி, வெள்ளைப்புள்ளிதான் என்று உறுதியாகிவிட்டது. இதற்குக் காரணம் இக்தியோஃப்திரியஸ் என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. நாம் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும் மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒரு பூச்சி என்று வைத்துக்கொள்ளலாம். தோலுக்கு அடியில் இருப்பதால் எந்த மருந்தும் அதை எளிதில் தொடாது. வயிறு நிறைந்ததும் அது தானாகவே உதிர்ந்து கீழே மணலில் விழும், உறை போட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் வரை, குட்டிகளாகப் பிரியும். அந்தக் குட்டிகள் நீந்திப் போய் ஓரிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். உப்பும் மருந்தும் அடிப்பது இந்த நீந்தும் குட்டிகளைத்தான். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும், 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும்.

இது தெரிந்தால் ஹீட்டரின் வேலை புரியும். வெப்பம் ஏறினால் பூச்சி சீக்கிரம் உதிரும், குட்டிகள் சீக்கிரம் வெளியே வரும். 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான வகைகளால் பெருகவே முடியாது. செடிக்கும், ஃபில்டரில் வாழ்ந்து அமோனியாவைச் சரிசெய்யும் நல்ல பாக்டீரியாவுக்கும் பாதிப்பில்லை. ஹீட்டர், உப்பு, மருந்து மூன்றில் தண்ணீரில் எதையும் கலக்காத வழி இதுதான், அதனாலேயே எனக்கு இதன் மேல் கொஞ்சம் பாசம். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை கரையும், 30-ல் 7.5 தான். செவுளிலும் பூச்சி உட்கார்ந்திருக்கும் மீனுக்கு இந்தச் சின்ன வித்தியாசமே மூச்சு முட்டும். ஆகவே ஏர் பம்ப் இல்லாமல் ஹீட்டரைத் தொடாதீர்கள். காலையில் ஒரு டிகிரி, மாலையில் ஒரு டிகிரி என்று ஏற்றுங்கள். நடுவில் நாலு மணி நேரம் கரண்ட் போனால் சின்னத் தொட்டி ஆறிவிடும், அந்த இறக்கம் மீனுக்குக் கூடுதல் அடி. வெப்பத்துக்கு அசையாத வகைகளும் உண்டு. 30-ல் வைத்தும் நாலைந்து நாளில் புதுப் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தால், இந்த வழியை விட்டுவிட வேண்டியதுதான்.

கல்லுப்பு மலிவு, சமையலறையிலேயே இருக்கும், அளவோடு போட்டால் நன்றாகவே வேலை செய்யும். அந்த அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். என் இரண்டடித் தொட்டியில் மணல், கல் போக 45 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 2 கிராம் என்றால் 90 கிராம். இதை மூன்றாகப் பிரித்து, தனியே கரைத்து, ஒன்றரை நாளில் ஊற்றுவேன். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த அளவை வெறும் தண்ணீரால் நிரப்ப வேண்டும். 10 லிட்டரை எடுத்து மாற்றினால் அந்த 10 லிட்டருக்கு மட்டும் 20 கிராம். ஒவ்வொரு தடவையும் முழு 90 கிராமையும் போட்டு, ஒரு வாரத்தில் தொட்டியை மெரினாவாக்கியவன் நானே. மோலிக்கும் கப்பிக்கும் உப்பு பிரச்சினையே இல்லை, மோலி கடல் நீரிலேயே வாழக்கூடியது. கோல்டு ஃபிஷ்ஷும் தாங்கும். லோச், கோரிடோரஸ் (சுருக்கமாகக் கோரி) வகை மீன்களுக்கு அளவைப் பாதியாக்க வேண்டும். கபோம்பா போன்ற மென்மையான செடிகள் வாடிப்போகும்.

என் முதல் வெள்ளைப்புள்ளிக்கு நான் எடுத்தது மருந்தை. மாலக்கைட் கிரீன் கலந்த பச்சைத் திரவம். “முழு மூடி ஊத்துங்க சார், ரெண்டு நாள்ல பளிச்னு ஆயிடும்” என்றார் கடைக்காரர். ஊற்றினேன். இரண்டு நாளில் நிஜமாகவே பளிச். ஆனால் அதற்குள் கோரி இரண்டு செத்து மிதந்தன. ஒன்பதாம் நாள் புள்ளிகள் திரும்ப வந்தன. இரண்டு நாளில் புள்ளி மறைந்தது மருந்தால் இல்லை, பூச்சி தின்று முடித்து இறங்கியதால் என்பது அப்புறம்தான் புரிந்தது. நான் அதோடு மருந்தை நிறுத்தியிருந்தேன்.

மருந்து மோசம் என்று சொல்லவில்லை. புள்ளி ஏகத்துக்குப் பரவி மீன் துவண்டிருக்கும்போது வேகமாகக் குட்டிகளைக் கொல்வது இதுதான். ஆனால் டெட்ராவும் கோரியும் இருந்தால் பாதி அளவு. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தையெல்லாம் கரியே குடித்துவிடும். நத்தை, இறால் இருக்கும் தொட்டிக்கு ஆகாது. ஃபார்மலின் சேர்ந்த மருந்தென்றால் ஏர் பம்ப் கட்டாயம். மாலக்கைட் கிரீனை உணவு மீன்களுக்குப் பயன்படுத்தப் பல நாடுகள் தடை விதித்திருக்கின்றன, அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தொட்டி மூலைகளின் சிலிக்கான் பச்சையாகும், அது போகவே போகாது.

நீல மருந்தான மெத்திலீன் ப்ளூவை இதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் காக்க நல்லது. பிரதான தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியாவைக் கெடுத்து, வியாதியோடு அமோனியாவையும் கொண்டுவரும். டெட்ராசைக்ளின் பொடி பாக்டீரியாவுக்கானது. இந்த ஒட்டுண்ணிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நோய் வந்த மீனை மட்டும் வாளிக்கு மாற்றினால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. மணலில் உறைகள் இருக்கின்றன. மாற்றுவதென்றால் எல்லா மீனையும் மாற்ற வேண்டும். பாத்திரக்கடை பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். மீனே இல்லாத தொட்டியில், 27, 28 டிகிரியில், பிடிக்க ஆள் கிடைக்காமல் பத்து நாளில் குட்டிகள் அழிந்துவிடும். இறாலும் செடியும் வைத்திருப்பவர்களுக்கு இதுவே சிறந்தது. வேலைதான் அதிகம்.

என் தேர்வு தொட்டியைப் பொறுத்து மாறும். கப்பி, மோலி என்றால் உப்போடு 28, 29 டிகிரி. கோல்டு ஃபிஷ்ஷுக்கு உப்பு மட்டும், குளிர்ந்த தண்ணீர் மீனை 30-ல் வேகவைக்கக் கூடாது. ஏஞ்சல், கௌராமி, டெட்ரா இருக்கும் செடித் தொட்டிக்கு ஹீட்டர், 30-க்குச் சற்று மேல். நியான் டெட்ராவுக்கு அது சுகமில்லைதான், ஆனாலும் காற்று நன்றாக இருந்தால் பெரும்பாலும் பத்து நாள் தாங்கும். மருந்தை நாலைந்து நாளில் மற்றது பலிக்காத பிறகே எடுப்பேன்.

எதை எடுத்தாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை குழாயைப் போட்டு அடிமணலை உறிஞ்சி கால்வாசித் தண்ணீரை மாற்றுகிறேன், உறைகளும் அதோடு போகட்டும் என்று. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் எதையும் நிறுத்துவதில்லை. போன மார்கழியில் மொத்த வைத்தியமும் முடியப் பதினாறு நாள் ஆனது. ஒரு மீனும் போகவில்லை. புதிதாக வாங்கும் மீன்கள் இப்போது மூன்று வாரம் டப்பில் இருந்துவிட்டுத்தான் தொட்டிக்குள் போகின்றன. “பால்கனியிலே துணி காயப்போட இடமில்லை” என்று வீட்டில் தினமும் திட்டு விழுகிறது.