சொந்த ஊரில் ரூம் போட்டுத் தங்கிய நாலு நாள்

தஞ்சாவூரில் எங்களுக்கு வீடு இருந்தவரை, ஊருக்குப் போனால் எங்கே தங்குவது என்று நான் யோசித்ததே இல்லை. அப்பா போன பிறகு அண்ணனும் நானும் வீட்டை விற்றுவிட்டோம். இந்த ஜனவரியில் முதல் தடவையாகச் சொந்த ஊருக்கு ஆப்பில் ரூம் தேடினேன். "பெரிய கோயிலுக்கு 1.2 கிலோமீட்டர்" என்று அது எனக்கே வழி சொன்னது.

சிங்கப்பூரிலிருந்து நாலு நாள் லீவு. வேலை மூன்று: என் வீணைக்கு மேளம் கட்ட (மெழுகைப் புதுப்பித்து ஸ்வரங்களைச் சரிசெய்ய) வேண்டும், திருவையாற்றில் தியாகராஜர் நினைவாக நடக்கும் ஆராதனையில் அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பாட உட்கார வேண்டும், கும்பகோணத்தில் பெரியம்மாவைப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் நேரம் இருந்தால்.

இந்தத் திட்டத்தில் தேதி நம் கையில் இல்லை. ஆராதனை புஷ்ய மாத தேய்பிறைப் பஞ்சமியில் வரும். ஒரு வருஷம் ஜனவரி முதல் வாரம், இன்னொரு வருஷம் மாசக் கடைசி. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் லீவு எழுதிக் கொடுத்தேன். சென்னை வழியாக வருகிறவர்கள் எழும்பூரில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியுமுன் தஞ்சாவூர். ஆனால் ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 120 நாள் என்பது 2024 நவம்பரோடு போய்விட்டது. ஆராதனை வாரத்துக்கு அந்த 60-ஆவது நாள் காலையிலேயே உட்கார்ந்துவிடுவது நல்லது. நான் திருச்சிக்கு நேரே பறந்ததால் அந்தத் தலைவலி இல்லை. நாலு மணி நேரம் விமானம், புது டெர்மினல், அப்புறம் 60 கிலோமீட்டர் கார்.

திருச்சி சுங்கத்தில் வீணைப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். அந்த அதிகாரி வீணையின் முனையில் செதுக்கிய யாளி முகத்தைப் பார்த்துவிட்டு, "தஞ்சாவூர் வீணையை வெளியூர்லேருந்து கொண்டு வர்றீங்களா?" என்று சிரித்தார். ரிப்பேருக்கு என்றேன். "அதானே" என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

ஹோட்டல் கதை கொஞ்சம் கசப்பு. இரண்டு மாதம் முன்பே பணம் கட்டி உறுதி செய்த ரூம். போய் நின்றால், "அந்த ரேட் இந்த வாரத்துக்குச் செல்லாது மேடம், ஆராதனை சீசன்" என்றார் கவுன்டரில் இருந்த தம்பி. நான் உறுதிச் சீட்டைத் தாளிலேயே அச்சடித்து வைத்திருந்தேன். போனில் காட்டினால் "நெட் வரலை" என்று தள்ளிவிடலாம். தாளைத் தள்ளுவது கஷ்டம். கால் மணி நேரம் நின்றேன். ரூம் கிடைத்தது, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். வெந்நீர் காலை 6 முதல் 9 வரை மட்டும் என்று கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. ஆராதனை அன்று ஆறு மணிக்கு நான் பஸ்ஸில் இருக்க வேண்டும். இதைக் கேட்ட ரூம் பாய் ஒன்றும் பேசாமல் ஐந்து மணிக்கு ஒரு வாளி வெந்நீரைக் கதவருகே வைத்துவிட்டுப் போனான். அந்த ஹோட்டலைப் பற்றி நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல வார்த்தை அவனைப் பற்றியதுதான்.

பணம் பெரிய விஷயமாக இல்லை. சிங்கப்பூர் எண்ணிலேயே என் என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) வங்கிக் கணக்கை இணைத்து யுபிஐ வைத்திருக்கிறேன். டீக்கடை முதல் பூக்காரம்மா வரை எல்லா இடத்திலும் ஸ்கேன் அட்டை இருந்தது. ஆட்டோவுக்கு மட்டும் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் என்ற ஒன்று வண்டியில் இருப்பதே அலங்காரத்துக்கு.

முதல் வேலையாக வீணையைத் தெற்கு வீதிப் பக்கம் பட்டறைக்குக் கொண்டு போனேன். இரண்டு மாதம் முன்பே போன் செய்து நாள் கேட்டு வைத்திருந்தேன். இதைச் செய்யாமல் வந்திருந்தால் வெறும் கையோடுதான் திரும்பியிருப்பேன்; ஆராதனை சமயத்தில் அவர்களிடம் வேலை குவிந்து கிடக்கும். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றிக் கேட்டால், "பேப்பர்ல போட்டாங்க, பலாமரம் விலை குறையலியே" என்கிறார் ஆசாரி.

மேளம் கட்டுவது என்றால், தந்திக்கு அடியில் ஸ்வரத்துக்காகப் பதித்திருக்கும் உலோகக் கட்டைகளான 24 மெட்டுகளையும் பிடுங்கி, பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, புது மெழுகு வைத்து, ஒவ்வொரு மெட்டையும் அதன் ஸ்வரத்தில் நிறுத்துவது. தேன்மெழுகோடு கரித்தூள் சேர்ந்த கறுப்பு மெழுகு. பட்டறை முழுக்க அந்த வாசனைதான். என் வீணையை மடியில் சாய்த்து ஒரு மீட்டு மீட்டினார். முகம் சுளித்தது. "ஏசியிலயே வெச்சிருக்கீங்களா?" என்றார். ஒத்துக்கொண்டேன். காய்ச்சிய இரும்பை மெழுகில் காட்டி இளக்கி, மெட்டைக் கட்டை விரலால் தள்ளுகிறார். ஒரு மயிரிழைதான் நகர்கிறது. மீட்டுகிறார், காதைத் தண்டிக்கு அருகே கொண்டுபோகிறார், மறுபடி தள்ளுகிறார். நான் சும்மா இருக்காமல், போனில் டியூனர் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டுவிட்டேன்.

"அது தம்புராவுக்கு வெச்சுக்குங்கம்மா. காந்தாரத்துக்குக் காதுதான்."

நாலாவது நாள் மத்தியானத்துக்கு முன் தர முடியாது என்றார். வைத்த மெழுகு இறுக வேண்டும், இறுகிய பிறகு ஒரு தரம் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். அவசரப்படுத்தவில்லை.

இரண்டாம் நாள் பெரிய கோயில். வெளியூர்க்காரர்கள் செய்யும் தப்பு பதினொரு மணிக்கு வருவது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், கல்தரை ஜனவரியிலும் சுடும். காலை ஆறரை, இல்லை என்றால் சாயங்காலம் நாலுக்கு மேல். நான் சாயங்காலம் போனேன். நுழைவுக் கட்டணம் கிடையாது, செருப்பு வைக்க மட்டும் வரிசை.

உள்ளே ஒரு வழிகாட்டி, வடநாட்டுக் குடும்பம் ஒன்றுக்கு, கருவறைக்கு மேல் உயர்ந்து நிற்கும் இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். மணி நாலரை. அந்தக் குடும்பம் அவரைச் சுற்றி நின்றது விமானத்தின் நிழலில்தான். கூட இருந்த சின்னப் பையன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கதையை நானும் ஸ்கூல் நாளில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்பதால் குறுக்கே பேசவில்லை. ஆனால் காசு கொடுத்து வழிகாட்டி வைப்பதானால், முதலில் நிழலைப் பற்றிக் கேளுங்கள். விழும் என்று சொல்பவரை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்டவர் உங்களுக்குக் கல்வெட்டைக் காட்டுவார். 1010-இல் கட்டி முடித்த கோயிலில் திருப்பதியம் (தேவாரப் பாடல்கள்) பாட 48 பேர், உடன் உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் இருவர், ஆக 50 பேரை ராஜராஜன் நியமித்தான். ஆளுக்குத் தினம் மூன்று குறுணி (அந்தக் கால அளவு) நெல். ஆடல் மகளிர் 400 பேருக்கு ஆளுக்கொரு வீடு, பெயரோடும் தெருவோடும் கல்லில் வெட்டியிருக்கிறது. பாட்டுக்கு இந்த ஊர் சம்பளம் போட்ட கணக்கு ஆயிரம் வருஷப் பழசு. நான் நின்றது அதில் வேறொரு வரிக்காக. செத்துப் போனவர்களுக்கும் 'அநாதேசம்' போனவர்களுக்கும் பதிலாக, அடுத்த உறவினர் அந்த நெல்லை வாங்கிக்கொண்டு பணி செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு அது. அநாதேசம் என்றால் வேற்று நாடு. அப்போதே போயிருக்கிறார்கள், அப்போதே அவர்கள் இடத்தை நிரப்ப விதி போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டை வாங்கியவர் மாடியில் இன்னொரு மாடி எழுப்பியிருப்பதைக் காலையில்தான் பார்த்திருந்தேன்.

அரண்மனையும் சரஸ்வதி மஹால் நூலகமும் ஒரு அரை நாள். டிக்கெட் தனி, கேமராவுக்குத் தனி. தர்பார் ஹாலில் புறா எச்சம்.

மூன்றாம் நாள் ஆராதனை. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ். இருபது ரூபாயை நீட்டினேன். கண்டக்டர் வாங்கவில்லை. "லேடீஸுக்கு ஃப்ரீம்மா, உள்ள நகர்ந்து வாங்க" என்று பூஜ்ய ரூபாய்ச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். 2021-இலிருந்து இப்படித்தான், எனக்குத்தான் புதிது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. சின்ன வயசில் அண்ணனும் நானும் பாலத்துக்குப் பாலம் போட்டி போட்டுச் சொல்லுவோம். இப்போதும் வாய் தானாக எண்ணியது. மேட்டூரில் ஜனவரி 28 வரை தண்ணீர் விடும் வழக்கம் உண்டு, அதனால் ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆற்றங்கரைப் பந்தலில் அனுமதி இலவசம். சீட்டு, வரிசை எண் எதுவும் கிடையாது. முன்னால் வந்தவர் முன்னால். ஏழு மணிக்கே பெண்கள் பக்கம் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. ஜமக்காளத்தில் இரண்டு மணி நேரம் சம்மணம் போட முடியாதவர்கள் ஓரமாக நாற்காலி பிடித்துவிடுங்கள். நாதஸ்வரம் ஓய்ந்து, ஒன்பது மணி வாக்கில் நாட்டை ராகத்தில் தொடங்கினார்கள். அப்புறம் கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஆயிரக்கணக்கான குரல் ஒரே சுருதியில் நிற்குமா? நிற்காது. பின் வரிசை எப்போதும் அரை மாத்திரை பின்தங்கித்தான் வரும். எனக்கு வராளியில் இரண்டு சரணம் மறந்தே போயிருந்தது. பக்கத்திலிருந்த மாமி, பாடுவதை நிறுத்தாமலே தன் புத்தகத்தை என் முழங்கால் மேல் பாதி தள்ளிவைத்தார்.

இந்தப் பெண்கள் பக்கம் சும்மா வந்ததல்ல. ஒரு காலத்தில் இங்கே பெண்கள் பாட இடம் கிடையாது. தியாகராஜர் சமாதிக்கு 1920-களில் தன் சொந்தக் காசில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவர் போராடிய பிறகுதான் பெண்கள் உட்கார முடிந்தது. 1952-இல் காலமான அவருக்கும் அங்கேயே சமாதி இருக்கிறது. கூட்டம் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது அங்கே பத்து நிமிஷம் நிற்க இடம் கிடைக்கும்.

திரும்பும் வழியில் அசோகா அல்வா. பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய்; திருவையாற்றில் இலைத் துண்டில் சுடச்சுட வைத்துத் தருவார்கள், விரலில் நெய் வழியும். சிங்கப்பூருக்கு வாங்கிப் போக ஆசைப்படாதீர்கள். ஆறினால் அது வேறு பண்டம்.

காபி பற்றி ஒரு வார்த்தை. திருச்சி ரோட்டில் எத்தனை 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு பார்த்தேன் என்று கணக்கில்லை. பித்தளை டபரா இருக்கிறது, டிகாக்ஷன் இல்லை. டிகிரி என்பது பால்மானியில் தண்ணீர் கலக்காத பாலுக்குக் காட்டும் அளவு என்று எங்கள் அப்பா சொல்வார். வேறு விளக்கமும் உண்டு. எதுவானாலும் அதற்குப் பால் வேண்டும். நல்ல காபி எனக்கு ரோட்டில் கிடைக்கவில்லை. பெரியம்மா வீட்டில் கிடைத்தது.

நாலாம் நாள் விடிகாலையிலேயே கும்பகோணம் கிளம்பினேன். நாள் வாடகைக் கார், டிரைவர் பேட்டா தனி. கிளம்புமுன்னே எல்லாம் பேசி வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொண்டேன், கடைசியில் ஒரு பைசா தகராறு இல்லை. தாராசுரத்தில் இசைப் படிகளைத் தட்டிப் பார்க்கலாம் என்று போகாதீர்கள், கம்பிவலை போட்டுவிட்டார்கள். சிற்பங்களைப் பாருங்கள்.

பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இட்லிக்குக் கடப்பா செய்து வைத்திருந்தாள். ஹோட்டல்களில் இது எல்லா நாளும் கிடைக்காது, கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கு மசித்துப் போட்டு, தேங்காய், சோம்பு, கசகசா அரைத்துவிட்டு, கடைசியில் ஒரு மூடி எலுமிச்சை. சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை. "அங்க போயி நீயே பண்ணிக்கோடி" என்று கசகசா ஒரு பொட்டலம் கட்டிக் கையில் வைத்தாள். சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டம் என்று எப்படி இவளிடம் சொல்வது? வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

தெற்கு வீதியில் வீணை தயாராக இருந்தது. ஆசாரி என்னையே வாசிக்கச் சொன்னார். கூச்சப்பட்டு ஆரபியில் நாலு வரி. "வெயில்ல நிக்கிற கார்ல வைக்காதீங்க, மெழுகு இளகிடும்" என்பதோடு அவர் கணக்கு முடிந்தது. பில் கையால் எழுதியது, பணம் யுபிஐயில்.

திருச்சி விமான நிலைய வாசலில் டிரைவர் வீணைப் பெட்டியை இறக்கிக் கொடுத்தபோது பொட்டலம் நினைவுக்கு வந்தது. எடுத்து நீட்டினேன்.

"என்னங்கம்மா இது?"

"கசகசா. வீட்டுல குடுங்க. பிளேன்ல விட மாட்டாங்க."

முகர்ந்து பார்த்தார். "கடப்பாவுக்கு ஆகும்" என்று டாஷ்போர்டில் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.