கடித்த நாயும் நான்கு ஊசிகளும்: டர்பன் அரசு மருத்துவச் சேவை குறித்து ஒரு மதிப்புரை

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அம்மனுக்குப் படைத்த கூழைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போன என் அத்தையை அந்த வீட்டு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் புறநகரில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவையும், பிறகு எங்கள் வட்டார கிளினிக்கையும், அரசு கால்நடைத் துறையையும் இரண்டு வாரங்கள் அடுத்தடுத்துப் பார்க்கும் நிலை எங்களுக்கு ஏற்பட்டது. ஊசி போடுவதில் இந்தச் சேவைக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. கடித்த விலங்கைப் பற்றிய செய்தியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் அது நோயாளியின் வீட்டாரையே தபால்காரராக்கிவிடுகிறது.

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். காயத்தில் மஞ்சள் தூளைக் குழைத்து அப்பி, துணியால் இறுகக் கட்டித்தான் அத்தையை அழைத்துச் சென்றோம். அவசரப் பிரிவில் இருந்த சிஸ்டர், அத்தையைச் சுலு மொழியில் பாட்டியை விளிக்கும் முறையில் "கோகோ" என்று அழைத்து, கட்டை அவிழ்த்து, மஞ்சளை முழுவதும் கழுவி, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் விடாமல் காயத்தைக் கழுவினார். வெறிநோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியே மூளைக்குச் செல்வதற்கு முன் அதை இயன்றவரை வெளியேற்றுவதே இதன் நோக்கம் என்றும், வீட்டிலேயே குழாயடியில் இதைச் செய்திருக்கலாம் என்றும் அவர் சொன்னபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

மருத்துவர் காயத்தை மூன்றாம் வகை என்று குறித்தார். தோல் கிழிந்து இரத்தம் வந்தால் அது மூன்றாம் வகை. அப்போது தடுப்பூசியோடு, ஆயத்த நிலையிலுள்ள எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினையும் காயத்தைச் சுற்றிலும் உள்ளேயும் செலுத்த வேண்டும். தடுப்பூசியால் உடல் தானே எதிர்ப்பை உருவாக்கிக்கொள்ள ஒரு வாரத்துக்கு மேல் ஆவதால், அந்த இடைவெளியை இது காக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்ற பழைய பயத்தோடு வந்திருந்த அத்தையிடம், இப்போது மேல்கைத் தசையில்தான் போடுகிறார்கள் என்பதைச் சிஸ்டர் சிரித்துக்கொண்டே விளக்கினார். கடித்த அன்று ஒன்று, பிறகு 3, 7, 14ஆம் நாட்களில் ஒவ்வொன்று என்பது கணக்கு. எங்களுக்கு 7ஆம் நாளும் 14ஆம் நாளும் ஞாயிற்றுக்கிழமைகளாக அமைந்தன. கிளினிக் அன்று மூடியிருக்கும் என்பதை அந்தச் சிஸ்டரே கவனித்து, புதன்கிழமை ஊசியைக் கிளினிக்கிலும் மற்ற இரண்டையும் மருத்துவமனையிலும் போட்டுக்கொள்ளும்படி அட்டையில் எழுதிக் கொடுத்தார். இத்தகைய கவனம் காசு கொடுத்தாலும் எளிதில் கிடைப்பதில்லை.

இனி குறைக்கு வருகிறேன். நாய் யாருடையது, தடுப்பூசி போட்டதா, சீண்டப்பட்டதா என்று மருத்துவர் கேட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டார். இந்தப் படிவம் கால்நடைத் துறைக்குப் போகுமா என்று கேட்டதற்கு, நீங்களே தெரிவியுங்கள் என்று ஒரு துண்டுச்சீட்டில் தொலைபேசி எண் தந்தார்கள். அந்த எண் இப்போது பயன்பாட்டில் இல்லை. தென்னாப்பிரிக்காவில் வெறிநோய், 1984ஆம் ஆண்டின் 35ஆம் எண் விலங்கு நோய்ச் சட்டப்படி அரசின் கட்டுப்பாட்டு நடவடிக்கைகளுக்கு உட்பட்ட நோய். ஒரு விலங்குக்கு அந்த நோய் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலே அரசு கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். மனிதருக்கு வந்ததாக ஐயம் எழுந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டிய முதல் வகை நோய் அது. நாய் வழியாக வெறிநோய் நிலைத்திருக்கும் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், சரியான எண்ணைத் தேடி நாங்கள் ஒரு திங்கட்கிழமை முழுவதையும் செலவிட்டது நியாயமில்லை.

எண் கிடைத்த பிறகு கால்நடைத் துறையினர் தம் வேலையை ஒழுங்காகவே செய்தார்கள். வியாழக்கிழமை வந்த விலங்கு நலப் பணியாளர், பக்கத்து வீட்டு அண்ணனிடம் நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஓராண்டுக்குள் அடுத்தது, பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்பது சட்டம். கடைசி ஊசியின் காலம் கடந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும், கொல்லவோ கைமாற்றவோ கூடாது, இறந்தால் புதைக்காமல் உடனே தகவல் தர வேண்டும் என்று அவர் எழுதி வாங்கிக்கொண்டார். நாய் இறந்தால் அதன் மூளைத் திசுவைச் சோதித்தால்தான் நோயை உறுதி செய்ய முடியும். அந்தச் சோதனையைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் ஆலர்ட்டன் ஆய்வகம் செய்கிறது. பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே பொருந்தும் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். எங்கள் கூரைகளில் திரியும் குரங்கு கடித்தால் இந்தக் கணக்கை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

அண்டை வீட்டு உறவு கெடக் கூடாது என்று நாங்கள் வழக்கு எதையும் நினைக்கவில்லை. ஆயினும் உரிமையாளரின் கவனக்குறைவால் விலங்கு ஒருவரைக் காயப்படுத்தினால் அது குற்றம் என்று 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. நட்டஈட்டைப் பொறுத்தவரை, வேறு யாரோ கதவைத் திறந்துவிட்டதால் தம் நாய்கள் வெளியேறின என்று ஓர் உரிமையாளர் முன்வைத்த வாதத்தை உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் ஏற்கவில்லை. அண்ணனுக்கு இதைச் சொன்னதும், அன்று மாலையே வாசற்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வந்துவிட்டது.

பத்தாம் நாள் நாய் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, வழக்கம்போல் எங்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு மீதி ஊசியை நிறுத்திவிடலாம் என்பது விதி. ஆனால் 14ஆம் நாள் மருத்துவமனையில் எவருக்கும் நாயின் செய்தி வந்திருக்கவில்லை. எங்கள் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார், அதில் அவர் தவறும் இல்லை. தேவையற்றுப்போன நான்காவது ஊசியையும் அத்தை போட்டுக்கொண்டார். அந்த மருந்துக்குப்பியை அன்று வரிசையில் காத்திருந்த வேறொருவருக்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் அத்தை சொல்லிக்கொண்டே வந்தார்.