ஏழு மணி வெயிலா, பத்து மணி வெயிலா, மாத்திரையா?

அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது. சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டு பால்கனியில் தினமும் காலை ஏழு மணிக்கு நாற்காலி போட்டு வெயில் காய்வார். அப்படியும் தொடை வலி, இடுப்பு வலி என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது, வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கும் கீழே, அதாவது குறைபாடு என்னும் அளவில், இருந்தது. "தினமும் வெயில்லதானேடா உட்கார்றேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

முதலில் இளவெயில். சூரியன் தாழ்ந்திருக்கும்போது கதிர்கள் காற்றுமண்டலத்தில் சாய்வாக, வெகுதூரம் கடந்து வருகின்றன. வரும் வழியிலேயே புற ஊதா 'பி' கதிர்களில் பெரும்பகுதியை ஓசோன் விழுங்கிவிடுகிறது. தோலில் வைட்டமின் டி உருவாக அந்த 'பி' கதிர்தான் வேண்டும். ஆகவே ஏழு மணிக்கு அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் டி கணக்கில் ஏறுவது சொற்பம்.

அதற்காகக் காலை வெயிலை விட்டுவிட வேண்டாம். அந்த வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் உடலின் உள்கடிகாரம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அலுவலக மேசையில் விழுவது பெரும்பாலும் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளியே மேகம் போட்ட நாளிலும் சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். ராத்திரி தூக்கம் வராமல் புரள்பவர்கள் தூக்க மாத்திரை தேடுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

அம்மா விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் பால்கனி தூசிக்கும் கொசுவுக்கும் பயந்து கண்ணாடி அடைத்தது. சாதாரணக் கண்ணாடி 'பி' கதிரை ஏறக்குறைய முழுசாகத் தடுத்துவிடும். புற ஊதாவின் இன்னொரு வகையான 'ஏ' கதிரை நிறையவே உள்ளே விடும். அந்த 'ஏ' தோலின் ஆழம்வரை போய்ச் சுருக்கத்தையும் கருமையையும் கொண்டுவருகிறது. நாள் முழுக்க கார் ஓட்டுபவரின் இரண்டு கைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள், ஜன்னல் பக்கத்து வலது கை ஒரு சாயல் கறுத்திருக்கும். முகத்தில் மங்கு இருப்பவர்களுக்குக் கண்ணாடி வெயில் வேண்டவே வேண்டாம். இளவெயில், கண்ணாடி வெயில், பத்து மணி வெயில், மாத்திரை என்ற நான்கு வழிகளில் கண்ணாடி வெயிலைத்தான் நான் கடைசியில் வைப்பேன்: டி-யும் கிடைக்காது, தோலும் கெடும்.

சரி, எந்த வெயில்தான் நல்லது? கடிகாரத்தைவிட நிழலைப் பார்ப்பது மேல். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையானால் 'பி' கதிர் போதுமான அளவு இறங்குகிறது என்று கொள்ளலாம். சென்னையில் ஏப்ரல் கடைசியில் ஒன்பது மணிக்கே அந்த நிலை வந்துவிடும். டிசம்பர் கடைசியில் பத்தேகால் தாண்ட வேண்டும். ஏறக்குறைய மாடியில் துணி காயப்போடும் நேரம்! கை, கால் திறந்திருக்க, வாரத்தில் சில நாள், இருபது நிமிடம் போல நின்றால் நல்லது. மாநிறம், கறுப்பு நிறத் தோலில் மெலனின் என்ற நிறமி அந்தக் கதிரைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வதால், வெள்ளைத் தோலுக்குச் சொல்லும் ஐந்து, பத்து நிமிடக் கணக்கு நமக்குப் பற்றாது.

அதற்காக மணிக்கணக்கில் நின்று பயனில்லை. ஓர் அளவுக்குப் பிறகு தோல் மிச்சத்தை வேறு பொருளாக மாற்றிவிடும். கூடுதல் டி சேராது, சூடும் சேதமும்தான் சேரும். ஏப்ரல், மே உச்சி வெயிலில் சென்னையின் புற ஊதாக் குறியீடு (கதிரின் வீரியத்தைச் சொல்லும் எண்) மிக ஆபத்தான அளவான 11-ஐத் தாண்டுவது சகஜம். அப்போது நிழலுக்குள் வந்துவிடுங்கள். கட்டட வேலை, வயல் வேலை செய்பவர்களுக்கு ஏற்கெனவே கிடைப்பதே அதிகம். அவர்களுக்குத் தேவை தலைக்குத் துணியும் குடிக்கத் தண்ணீரும்.

அப்புறம் மாத்திரை. ஏற்கெனவே குறைந்துவிட்டவர்களுக்கும், வெளியே வர முடியாத முதியவர்களுக்கும், இரவுப் பணிக்காரர்களுக்கும் இதுதான் நேர் வழி. இங்கே வழக்கமாகத் தருவது 60,000 யூனிட், வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களுக்கு. 'வாரம் ஒன்று' என்பதை 'தினம் ஒன்று' என்று படித்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. வெயிலால் டி நஞ்சாகாது, மாத்திரையால் ஆகும்: ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி வந்து, சிறுநீரகம்வரை பாதிக்கும். பரிசோதிக்காமல், மருத்துவரைக் கேட்காமல் வாங்கிப் போடாதீர்கள்.

அம்மாவுக்கு மருத்துவர் எட்டு வாரம் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் போட்டுக்கொண்டார், கொழுப்பில் கரையும் சத்து என்பதால். இப்போது பத்து மணிக்குத் துணி வாளியோடு மொட்டை மாடிக்குப் போகிறார். முந்தானையை முகத்துக்குப் போட்டுக்கொண்டு, கைகளை மட்டும் வெயிலில் விட்டு, ஒவ்வொரு துணியாக நிதானமாக உதறிப் போடுகிறார். போனதும் முதலில் தரையில் நிழலைப் பார்ப்பார். அது நீளமாக இருந்தால் வாளியை அங்கேயே வைத்துவிட்டு இன்னொரு காபிக்குக் கீழே வந்துவிடுவார்.