எஸ்-லாக்3-இல் ஒரு ஸ்டாப் கூடுதல்: எஃப்எக்ஸ்30-உடன் சில முகூர்த்த சீசன்கள்

கல்யாண வீடியோ எடுக்கும் பலர் லாக் (வெளிச்ச விவரங்களை அதிகம் காக்க, வெளுத்த படமாகப் பதியும் முறை) பக்கம் போகத் தயங்குவதற்குக் காரணம் கலர் கிரேடிங் (எடிட்டில் நிறம் சரிசெய்வது) அல்ல, எக்ஸ்போஷர்தான் (பதியும் வெளிச்சத்தின் அளவு). திரையில் வெளுத்துப்போன ஒரு படம் தெரியும். அது இருட்டா, வெளிச்சமா என்று கண்ணுக்குப் பிடிபடாது. சோனி எஃப்எக்ஸ்30 கேமராவைச் சில முகூர்த்த சீசன்களாக அதன் லாக் முறையான எஸ்-லாக்3-இல் மட்டுமே ஓட்டுகிறேன். இன்று என் வழக்கம் இதுதான்: அநேகமாக எங்கும் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாகும் ஒரு படி) கூடுதல், அதற்கு மேல் கிடையாது.

சோனியின் கணக்குப்படி எஸ்-லாக்3-இல் 18 சதவீத கிரே கார்டு (வெளிச்சம் அளக்க வைக்கும் சாம்பல் அட்டை) சிக்னல் அளவில் 41 சதவீதத்தில் நிற்க வேண்டும், வெள்ளைத் தாள் 61-இல். அப்படியே எடுத்தால் மாப்பிள்ளையின் கறுப்பு கோட்டிலும் பெண்ணின் கூந்தலிலும் நாய்ஸ் (இருட்டில் தெரியும் புள்ளிகள்) மொய்க்கும். ஒரு ஸ்டாப் கூட்டினால் கார்டு 49-க்கும் தாள் 70-க்கும் ஏறும். எடிட்டில் அதை இறக்கும்போது நாய்ஸும் சேர்ந்து அமுங்கிவிடும்.

அப்படியானால் இரண்டு ஸ்டாப் கூட்டலாமே என்பார்கள். யூடியூபில் பாதிப் பேர் சொல்வதும் அதுதான். லாக் என்பதால் ஹைலைட் (படத்தின் மிக வெளிச்சமான பகுதி) தானாகத் தப்பிக்காது. கிரே கார்டுக்கு மேல் ஆறு ஸ்டாப் போனால் 94-இல் முட்டி நின்றுவிடும். இரண்டைக் கூட்டினால் மிச்சம் நான்குதான். மண்டபத்து ஃபோகஸ் லைட் நேராக விழும் காசுமாலைக்கு அது பத்தாது. காசின் விளிம்பு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், எந்த லட் (லாக் படத்தை இயல்பான நிறத்துக்கு மாற்றும் கோப்பு) போட்டாலும் தங்க நிறம் திரும்பாது.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரம் வரை தள்ளும் முறையும் எனக்குப் பிடிக்கவில்லை. தாலி கட்டும் வைட் ஷாட் ஒரு அளவில், குளோஸ்-அப் வேறு அளவில் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறக்க வேண்டும். நிலையான ஒரு ஸ்டாப் என்றால் முழு முகூர்த்தத்துக்கும் ஒரே திருத்தம் போதும்.

கேமராவில் சினி இஐ மோடு, பேஸ் (பதிவாகும் ஐஎஸ்ஓ) 800, இஐ (மானிட்டர் படத்தின் வெளிச்சத்தை மட்டும் மாற்றும் எண்) 400. பதிவாவது 800-இல்தான். மானிட்டரில் லட் போட்ட படம் மட்டும் ஒரு ஸ்டாப் இருண்டு தெரியும். அது கண்ணுக்குச் சரியாகும் வரை ஐரிஸைத் (லென்ஸின் துளை) திறந்தால் கூடுதல் ஸ்டாப் தானாக வந்துவிடும். இரவு ரிசப்ஷனுக்கு பேஸ் 2500, இஐ 1250. மேலே சொன்ன எண்களைச் சரிபார்க்க லட்டை ஆஃப் செய்துவிட்டு லாக் படத்தைப் பாருங்கள். லட் போட்ட படத்துக்கு எண்கள் வேறு.

முகத்தை வைத்து ஜீப்ரா (குறித்த வெளிச்ச அளவை எட்டிய இடத்தில் திரையில் கோடு காட்டும் வசதி) போடச் சொல்லும் வெளிநாட்டுப் பாடங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் கணக்கிடும் வெள்ளைத் தோல் கிரே கார்டைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் வெளிச்சமானது. நம் ஆட்களின் முகம் கார்டுக்கு அக்கம்பக்கத்திலேயே இருக்கும். மேக்கப் போட்ட மணப்பெண்ணும் பக்கத்தில் நிற்கும் அவள் அப்பாவும் ஒரே அளவில் வரமாட்டார்கள், வரவும் கூடாது. கார்டுதான் கை கொடுக்கும்.

இத்தனை செய்தும் காலை வாருவது ரிசப்ஷன் மேடையின் நீல எல்இடி. ஜீப்ரா பார்ப்பது மூன்று நிறங்களும் சேர்ந்த மொத்த லூமா (வெளிச்ச) அளவை. வழக்கமான ஹெச்டி வீடியோ தரமான ரெக்.709 கணக்கில் அதில் நீலத்தின் பங்கு 7 சதவீதம்தான். நீல சேனல் எப்போதோ நிரம்பியிருக்கும், ஜீப்ரா மட்டும் வாயே திறக்காது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மாப்பிள்ளையின் கன்னத்து ஓரம் தோலின் நெளிவே இல்லாத ஊதாப் பட்டையாக இருக்கும். வெளி மானிட்டரில் ஆர்ஜிபி பரேடு (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் வரைபடம்) இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அந்த மேடைக்கு மட்டும் கூடுதல் ஸ்டாப்பைக் கைவிடுகிறேன். அதோடு லைட் போடும் அண்ணனிடம், "ப்ளூவைக் கொஞ்சம் இறக்குங்கண்ணே, வார்ம் ஒயிட் கலந்து விடுங்க" என்று கேட்டுவிடுவேன். பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள்.

வெளியே எடுக்க என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) இல்லாமல் முடியாது. இந்த கேமராவுக்குள் என்டி இல்லை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50, எஃப்2.8 என்றால் ஒன்பது ஸ்டாப் குறைக்க வேண்டும். ஒன்று கூட்டும் நமக்கு எட்டு. 2–5 ஸ்டாப் வேரியபிள் என்டி மட்டும் வைத்திருந்தால் எஃப்8 வரை மூட வேண்டியதுதான், பின்னணி மங்காது.

எடிட் மென்பொருளான ரிசால்வில் வரிசை முக்கியம். லட்டுக்கு முந்தைய நோடில் (திருத்தப் படி), ஹெச்டிஆர் வீலின் குளோபல் எக்ஸ்போஷரில் −1. அப்புறம்தான் லட். லட்டுக்குப் பிறகு இறக்கினால் அது ஏற்கெனவே நசுக்கிய ஹைலைட் சாம்பலாகத்தான் இறங்கும்.

எஸ்-லாக்3 இருக்கும் பழைய 8-பிட் கேமராக்காரர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். 10-பிட்டில் சேனலுக்கு 1024 படிகள் இருக்கும் இடத்தில் அவற்றுக்கு 256தான். வானத்திலும் வெறும் சுவரிலும் பட்டை பட்டையாக விழும். கேமராவில் ஹெச்எல்ஜி (லாக் அளவுக்கு வெளுக்காத இன்னொரு பதிவு முறை) இருந்தால் அதில் எடுங்கள்.