நியூட்ரோஃபிலா, லிம்ஃபோசைட்டா?

ரத்தப் பரிசோதனைச் சீட்டில், கிருமியோடு போராடும் இந்த இரண்டு வெள்ளை அணு வகைகளும் அடுத்தடுத்து இருக்கும். பெரியவர்களின் வெள்ளை அணுக்களில் பெரும்பங்கு நியூட்ரோஃபில்தான். முள் குத்திய இடத்துக்கு முதலில் ஓடிவருவதும் அதுவே. கிருமியின் ஊர் பேர் விசாரிக்காது, அப்படியே விழுங்கும். ஆயுள் குறைவு, நாம் முகம் சுளித்துத் துடைத்தெறியும் சீழில் பெரும்பாலும் செத்துப்போன இந்த அணுக்கள்தான்.

லிம்ஃபோசைட் நிதான ஆசாமி. புதுக் கிருமி என்றால் ஆள் திரட்டவே சில நாட்கள் ஆகும். ஆனால் மறக்காது. அதன் வகைகளில் பி செல்கள் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சுரக்க, டி செல்கள் வைரஸ் புகுந்த செல்லையே கொல்லும். தட்டம்மை வந்தவருக்குப் பொதுவாக மறுபடி வராததும், தடுப்பூசி பலிப்பதும் இந்த ஞாபகத்தால்தான்.

எனக்கென்னவோ லிம்ஃபோசைட் மேல்தான் மதிப்பு. ஆனாலும் கீமோதெரபியில் நியூட்ரோஃபில் சரிந்துவிட்டால், லேசான காய்ச்சலுக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.